வெள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, சாவி எங்கே?

கேள்வி:

அன்புள்ள அக்கா, கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்ஷ்லாங்கா பக்கம் குடியிருக்கிறோம். நான் மறுபடி வேலைக்குப் போவதால், 20 மாத மகளை மூன்று மாதமாக அருகில் ஒரு கிரெஷில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விடுகிறோம். வீடாக இருந்த கட்டடத்தை மாற்றி நடத்துகிறார்கள். முன்னறையில் வெள்ளித் தரப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நடத்துகிற ஆண்டியும் அன்பானவர்தான். ஆனால் போன வாரம் மாலை 4.45க்குப் போனபோது 14 குழந்தைகளோடு ஒரே ஒரு பெண்தான் இருந்தார். பின்பக்க இரும்புக் கேட் பூட்டியிருந்தது. கேட்டால், "சாவி மேடத்தின் கைப்பையில் இருக்கிறது, மேடம் பேங்குக்குப் போயிருக்கிறார்" என்றார். மகளின் முழங்கைக்குக் கீழே பல் தடம். எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் என் அக்கா, "இங்கே ஐந்து நட்சத்திரம் பார்த்துத்தான் விடுவோம், உங்கள் வெள்ளிக்கு எத்தனை நட்சத்திரம்?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது கேட்டால் பிள்ளை மேல் காட்டிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றிவிடட்டுமா?

— ஒரு தாய், டர்பன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சாவியைப் பேசி முடித்துவிடுவோம். நட்சத்திரத்தையும் வெள்ளியையும் பல் தடத்தையும் ஆற அமரப் பார்க்கலாம். சாவி விஷயம் நாளைக் காலைக்குள் தீர வேண்டியது.

நான் இந்த ஊர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளராக 22 வருடம் கிரெஷ் கிரெஷாக ஏறி இறங்கியவள். பூட்டிய கேட் எனக்குப் புதிதில்லை. திருட்டுப் பயம் உள்ள ஊர். ஜன்னலெல்லாம் கம்பி, கதவெல்லாம் இரும்புக் கேட். பூட்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டியவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒரு கிரெஷில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தீயணைப்பான் பளபளவென்று இருந்தது. அந்த வருடம் சர்வீஸ் செய்த சீட்டு அதன் கழுத்தில் தொங்கியது. வெளியேறும் வழிக்குப் பச்சைப் பலகைகூட மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டே வந்து, "இந்தக் கேட்டைக் கொஞ்சம் திறங்களேன்" என்றேன். ஒரு பெண் உள்ளே ஓடினார். இழுப்பறையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு கொத்துச் சாவி வந்தது. பதினோரு சாவி, எது எந்தப் பூட்டுக்கு என்று எந்த அடையாளமும் இல்லை. நான் நிற்கிற பதற்றத்தில் அவருக்குக் கை நடுங்கியது. ஏழாவது சாவியில் திறந்தது. என் கடிகாரத்தில் நான்கு நிமிடம். புகை இல்லை, இருட்டு இல்லை, இடுப்பில் இரண்டு குழந்தை இல்லை, அப்படியும் நான்கு நிமிடம்.

அதனால் நாளைக்கு மகளை விடப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பின் கேட்டின் சாவி அந்தக் கேட்டுக்குப் பக்கத்திலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் தொங்க வேண்டும். அதற்கு ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்க வேண்டும். இன்னொரு சாவி, குழந்தைகளோடு யார் இருக்கிறாரோ அவர் கழுத்தில் இருக்க வேண்டும். ஐந்து ராண்ட் ஆணியில் முடிகிற காரியம் இது. ஒரு வாரம் பொறுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வாரம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வெள்ளிக்கு வருவோம்.

அமெரிக்காவில் இருக்கும் அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: வெள்ளி என்பது நட்சத்திரம் இல்லை, பதிவுப் படிக்கட்டில் ஒரு படி. இந்த நாட்டில் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்கிற இடம் பதிவு செய்தாக வேண்டும். 2022 ஏப்ரல் வரை அந்தப் பொறுப்பு சமூக வளர்ச்சித் துறையிடம் இருந்தது. அதன்பிறகு அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. 2021இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க இப்படி 42,420 இடங்கள் இருந்தன, பாதிக்கு மேல் பதிவே ஆகாதவை. அவற்றையெல்லாம் பதிவுக்குள் கொண்டுவரத்தான் 2025இல் 'பானா பெலே' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குழந்தைகள் முதலில் என்று அர்த்தம். அதில் வந்ததுதான் இந்த வெண்கலம், வெள்ளி, தங்கம். தங்கம் என்றால் முழுப் பதிவு. வெள்ளி என்றால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதை முடிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பாக்கி என்ன என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. சில இடத்தில் அது கட்டட வரைபடமாக இருக்கும், நகராட்சி அனுமதிக் கடிதமாக இருக்கும். வீட்டை கிரெஷாக மாற்றியவர்களுக்கு அந்தக் காகிதம் கிடைக்கப் படாத பாடு. அதற்காக நான் பிள்ளையை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பாக்கி இருப்பது ஆள் எண்ணிக்கையோ, கழிப்பறையோ, தீ வந்தால் வெளியேறும் வழியோ என்றால் அது வேறு விஷயம். ஆய்வு முடிந்து போகிறவர்கள் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவோம். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டு மாட்டுகிற காகிதத்தைவிட, கோப்புக்குள் கிடக்கிற அந்தக் காகிதம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

வட கரோலினாவின் கதை வேறு. அங்கே 2000 முதல் உரிமத்தோடு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம். மேலே போகப் போக ஆசிரியர்களின் படிப்பு, ஒரு வகுப்பில் எத்தனை குழந்தை, வகுப்பறை எப்படி நடக்கிறது என்பதெல்லாம் சேரும். அதற்காகப் பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்பில் மூன்று மணி நேரம் மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடுகிற முறை உண்டு. அந்த அளவுகோல் அதே மாநிலத்தின் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1980இல் உருவானது. குழந்தை அழுதால் யார் தூக்குகிறார், எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார், டயப்பர் மாற்றும்போது அதனிடம் பேசுகிறாரா என்றெல்லாம் அவர் பார்ப்பார். ஆய்வு அறிக்கைகளையும் பெற்றோர் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் அக்கா மேல் எனக்குப் பொறாமைதான். இங்கேயும் அப்படி வர வேண்டும் என்று எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் நட்சத்திரமும் ஒருநாள் எடுத்த படம்தான். போன வருடம் ஐந்து நட்சத்திரம் வாங்கித் தந்த ஆசிரியை இந்த வருடம் வேறு ஊரில் இருக்கலாம். இங்கே வெள்ளியை நம்பி நீங்கள் உட்காரக்கூடாது என்றால், அங்கே ஐந்தை நம்பி அவரும் உட்காரக்கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த 14. இந்த நாட்டு விதி இப்படி: 18 மாதம் வரை 6 குழந்தைக்கு ஒருவர், 18 முதல் 36 மாதம் வரை 12 குழந்தைக்கு ஒருவர், 3 முதல் 4 வயதுக்கு 20, 5 முதல் 6 வயதுக்கு 30. உங்கள் மகள் வயதுக்காரர்கள் 14 பேர் ஒரே பெண்ணிடம் என்றால் விதியையே தாண்டியாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் 18 மாதம் ஆகாத குழந்தை ஒன்று இருந்தாலும் நிலைமை இன்னும் மோசம். வட கரோலினாவில் உங்கள் மகள் வயதுக்கு 6 பேருக்கு ஒருவர் வேண்டும், இரண்டு வயதுக்கு மேல் 10 பேருக்கு ஒருவர். நட்சத்திரத்தை விடுங்கள், உங்கள் அக்காவிடம் நீங்கள் பொறாமைப்பட வேண்டியது இந்த எண்ணுக்குத்தான்.

12 என்பதே அதிகம் என்பது என் கருத்து. ஒரு டயப்பர் மாற்றி, துடைத்து, கை கழுவ ஐந்து நிமிடம் என்று வையுங்கள். 12 பிள்ளைக்கு ஒரு சுற்று வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் மீதி 11 பேருக்கு அவர் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருப்பார். பல் தடம் அந்த நேரத்தில்தான் விழுகிறது.

பார்த்துக்கொள்கிற ஆள் எண்ணிக்கை எப்போது குறைகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு எல்லா கிரெஷும் நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் ஆய்வுக்குப் போவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான். மதியம் சாப்பாடு கொடுக்கும்போது ஒருவர் சமையலறையில் நிற்பார். தூங்கும் நேரத்தில் ஒருவர் சாப்பிடப் போவார். மாலை நாலரைக்கு மேல், பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஆண்டிகள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். அவர்கள் வீடு போய்ச் சேர இரண்டு மினிபஸ் டாக்ஸி மாற வேண்டும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சம்பளமும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பதிவேட்டில் மூன்று பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் சமையல்காரர், ஒருவர் மேடம். மேடம் பேங்கில். "இந்த நேரத்தில் குழந்தைகளோடு அறைக்குள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். வேலைக்கு எத்தனை பேர் என்று கேட்டால் வேறு பதில் வரும்.

அதனால் வேளை தவறிப் போங்கள். ஒருநாள் பன்னிரண்டரைக்கு, ஒருநாள் இரண்டுக்கு. சொல்லாமல் போங்கள், ஆனால் பிடிக்க வந்தவர் மாதிரி போகாதீர்கள். மகளுக்கு ஒரு சட்டை கொடுக்க வந்தேன் என்றால் போதும். பெற்றோரை எந்த நேரமும் உள்ளே விடுகிற கிரெஷ்தான் நல்ல கிரெஷ். "தூங்குகிறார்கள், இப்போது வராதீர்கள்" என்று வாசலிலேயே நிறுத்தினால், அந்தத் தூக்கத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மல்லாந்து படுத்திருக்கிறார்களா, முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, போர்வை ஏதும் இல்லாமல் இருக்கிறதா, அறைக்குள் விழித்திருக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

உள்ளே போனதும் ஒரு நிமிடம் தரையில் உட்காருங்கள். நான் எல்லா ஆய்விலும் அப்படித்தான் செய்வேன். மகளைக் கொஞ்சுகிற மாதிரி உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நின்று பார்க்கும்போது தெரியாதது அங்கே தெரியும். ஒரு இடத்தில் கை கழுவும் தொட்டிக்குக் கீழே பூப்போட்ட திரை தொங்கியது. அழகாக இருந்தது. உட்கார்ந்து விலக்கினால், இரண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டிலில் பாதி அளவு ப்ளீச். கடைக்காரர் சில்லறையாக ஊற்றிக் கொடுத்தது. லேபிள்கூட ஆரஞ்சுப் படம் போட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அது ஆரஞ்சு ஜூஸ்தானே? மண்ணெண்ணெயையும் இந்த நாட்டில் இப்படித்தான் பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள், குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகள் கொஞ்சமில்லை. உங்கள் அம்ஷ்லாங்காவில் மண்ணெண்ணெய் இருக்காது. ப்ளீச் இருக்கும். தண்ணீர் நிற்கிற வாளியும் இருக்கும், நீச்சல் குளமும் இருக்கலாம். வீடாக இருந்த கட்டடம் என்கிறீர்களே, பின்பக்கம் குளம் இருந்தால் வலை மட்டும் போதாது. தானாகச் சாத்திக்கொள்கிற கதவோடு வேலி வேண்டும்.

சாப்பாடு பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. அங்கேயே சமைக்கிறார்கள் என்றால் சமையலறைக்கு நகராட்சி கொடுக்கிற தகுதிச் சான்று வேண்டும், அதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பது சட்டம். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். 2017–18இல் இங்கே பொலோனி என்கிற பதப்படுத்திய இறைச்சியால் பரவிய லிஸ்டீரியா நோயில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், பச்சைக் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நீங்கள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தால் அது டர்பன் வெயிலில் பையோடு ஆணியில் தொங்குகிறதா, உடனே ஃப்ரிட்ஜுக்குள் போகிறதா என்பது முக்கியம்.

பல் தடம். இந்த வயதில் கடிப்பார்கள், தங்கை. பேச்சு வராத பிள்ளை பொம்மையைப் பிடுங்கினால் பல்லால்தான் பேசும். கடித்த குழந்தை யார் என்று தேடாதீர்கள், அடுத்த மாதம் உங்கள் மகளே கடிக்கலாம். எனக்குக் கவலை, யாருக்கும் தெரியவில்லை என்பதுதான். ஒவ்வொரு கிரெஷிலும் ஒரு விபத்துப் பதிவேடு இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன ஆனது, என்ன செய்தார்கள், யார் பார்த்தார் என்று எழுதி, மாலையில் உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் நிறைய எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். விழுந்தான், கீறல், சோப்புப் போட்டுக் கழுவினோம் என்று பக்கம் பக்கமாக இருந்தால் அது பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நடத்துகிற இடம். மூன்று வருடப் பதிவேட்டில் நான்கே வரி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வராது. தோல் கிழிந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வேலை செய்பவர்களின் காகிதம் ஒன்று பாக்கி. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இருக்கும். பாலியல் குற்றவாளிகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. இரண்டிலும் பெயர் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சான்று வாங்கியிருக்க வேண்டும். தோட்டக்காரர், வேன் ஓட்டுநர் உட்பட. டீச்சர்களுக்கு வாங்குவார்கள், ஓட்டுநரை மறந்துவிடுவார்கள்.

இனி உங்கள் பயம். கேட்டால் பிள்ளை மேல் காட்டுவார்களோ என்கிறீர்கள். எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள், நம் பெண்கள்தான் அதிகம். ஊர் புதிது, உறவு பக்கத்தில் இல்லை, இடத்தை இழந்தால் வேலைக்குப் போக முடியாது. எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை, கேள்வி கேட்கிற அம்மாவின் பிள்ளையைத்தான் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. அந்த மாலை நேரப் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவருக்கு எதையும் மாற்றுகிற அதிகாரம் இல்லை, அவமானம்தான் மிஞ்சும். மேடத்திடம் தனியாக நேரம் கேளுங்கள். "ஆண்டி, என் பிள்ளை இங்கே சந்தோஷமாக இருக்கிறாள். மூன்று விஷயம் மனதில் கிடக்கிறது, உங்களிடமே கேட்கலாம் என்று வந்தேன்" என்று ஆரம்பியுங்கள். சாவி, மாலையில் ஆள், பதிவேடு. அன்றிரவே பேசியதை இரண்டு வரி வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள், நன்றியோடு. எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் மறக்காது.

மாற்றிவிடட்டுமா என்று கேட்டீர்கள். சாவி நாளைக்கே மாட்டப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் மாலை நேரத்துக்கு இன்னொரு ஆள் வந்து, பதிவேட்டில் எழுதத் தொடங்கிவிட்டால் இருங்கள். மூன்று மாதத்தில் பழகிய முகங்களை விட்டுப் புது இடம் என்றால் 20 மாதப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. சாவி அப்படியே கைப்பையில் கிடந்தாலோ, "மற்ற அம்மாக்கள் யாரும் கேட்கவில்லையே" என்று பதில் வந்தாலோ, எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு சும்மா இருந்துவிடாதீர்கள். மாநிலக் கல்வித் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும், நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் எழுதுங்கள். நீங்கள் மாறிப் போகலாம், மீதி 13 பேர் அங்கேதான் இருப்பார்கள். அவர்களில் எத்தனை அம்மாக்களுக்கு வேறு இடம் பார்க்க வசதி இருக்கிறதோ. புகார் என்றால் மூடிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இன்னின்னதை இத்தனை நாளுக்குள் சரிசெய் என்றுதான் எழுத்தில் கொடுப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத இன்னொன்று. உங்கள் மகள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறாள்? தண்ணி, உச்சா, உவ்வா, வலிக்குது, பயம், அம்மா எங்கே. இந்த ஏழெட்டுச் சொல்லை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு, டயப்பர் மாற்றும் மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஒரு கிரெஷில் இரண்டு வயதுப் பையன் காதைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது, வலிக்குது" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டு என்று நினைத்து ஜூலுக்காரப் பெண் ஒருவர் அவனோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். பாசமான பெண். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னதும் அவனை அள்ளி எடுத்துக்கொண்டார், அவர் கண்ணில் தண்ணீர். அன்றைக்கே நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். தண்ணிக்கு எதிரே அவர் தன் கையால் 'அமான்ஸி' என்று எழுதினார்.

அன்புடன்,
அக்கா